தங்கப் பக்கம்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பழைய கணினி இன்று மூன்று முறை உறைந்தது. குவிலென்ஸ் வழியே ஒளிக்கதிர் செல்லும் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டது. பதினோராம் வகுப்பு இயற்பியல் கையேட்டுக்கு நவம்பர் முடிவதற்குள் நூற்று நாற்பது படங்கள் வரைந்து தரவேண்டும். இருபத்தெட்டுதான் முடிந்திருக்கின்றன.

மதியம் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றார்.

"வாங்கறதில்லீங்க. பாகம் பாகமா வாங்கிட்டு வந்து நானே மாட்டலாம்னு இருக்கறேன்."

ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"இங்க பாரு கோதை. நான் இருவத்தாறு வருசமா மோட்டார் அசெம்பிள் பண்றவன். அதனாலதான் சொல்றேன், கட்டி வந்ததையே வாங்கு."

கணபதிப் பகுதியில் பம்பு மோட்டார் பட்டறை நடத்தும் மனிதரின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! ஊரிலுள்ள தோட்டக்காரர்களிடமெல்லாம் "கம்பெனி மோட்டார் எதுக்குங்க, உங்க கெணத்துக்குத் தக்கன நான் கட்டித் தாரனுங்க" என்று சொல்பவர்.

"உங்ககிட்ட மோட்டார் வாங்க வாரவங்களுக்கும் இதத்தான் சொல்லுவீங்களா?"

"அவங்க யாரும் என்ற பொண்டாட்டி இல்லையே" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான் காரணங்களை அடுக்கினேன். கடையில் கட்டி விற்பதில் நமக்குத் தேவையில்லாதது பாதி இருக்கும். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியாது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் ஒரு பெட்டியின் முன்னால் தினமும் எட்டு மணி நேரம் உட்காருவது எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவளுக்கு அழகல்ல. எல்லாம் சரியான காரணங்கள்தாம். உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

எழுதிவிடுகிறேன்.

வலது கையின் கட்டைவிரல் நடுங்குகிறது. ஆடி மாதத்திலிருந்து. டி.வி. பார்க்கும்போது முதலில் கவனித்தேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை ஏதோ சொல்ல அழைப்பதுபோல் தட்டிக்கொண்டே இருந்தது. நேற்று பஸ்ஸில் கையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பார்த்தாள். கைப்பையை எடுத்து மேலே வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்வார். பெயர் இல்லாதவரை இது வெறும் கட்டைவிரல்.

படம் வரைந்து பிழைக்கிறவளுக்குக் கைதான் எல்லாம். இதை எழுதக்கூடத் தேவையில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கணினி மாட்டுவதைக் காட்டும் வீடியோக்கள் ஆறு பார்த்தேன். எல்லோரும் ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணினியின் மூளையான பிராசசரைப் போர்டில் உட்காரவைக்கும் இடம் அது. போர்டில் அதற்கென ஒரு சதுரக் குழி இருக்கிறது. குழிக்குள் ஆயிரத்து எழுநூறு ஊசிகள், ஒவ்வொன்றும் முடியைவிட மெல்லியது. பிராசசரின் அடியில் அதே எண்ணிக்கையில் தங்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன் ஊசியின்மேல் சரியாக அமரவேண்டும். நேராக, மெதுவாக, வழுக்காமல் இறக்கவேண்டும். கை ஒரு நொடி ஆடினாலும் ஊசி மடங்கும். மடங்கினால் போர்டு போயிற்று.

வீடியோவை நிறுத்தி அந்தக் குழியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயல்போல, ஆனால் எல்லாத் தாளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில். மனிதர்கள் இதைச் செய்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன். இதை என் வலது கை செய்துவிட்டால் அதற்கு ஒன்றுமில்லை, டாக்டர் தேவையில்லை. செய்ய முடியாவிட்டால் அன்றைக்கே போகிறேன்.

உண்மையான காரணம் இதுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடை. படியேறும்போதே புது பிளாஸ்டிக்கின் வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கடையை நடத்துவது ஷமீமா என்ற பெண். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். காதில் போன், கையில் கத்தரிக்கோல்.

"பையனுக்கா மேடம்? கேம் விளையாடவா?"

"எனக்குத்தான்."

"அசெம்பிள் நாங்களே பண்ணித் தந்துடுவோம். ரெண்டு மணி நேரம்."

"நானே பண்ணிக்குவேன்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை முதல் முறையாகப் பார்த்தார். "நெசமாவா? இந்தக் கடையில ஆறு வருஷமா இருக்கேன். லேடீஸ் வந்து நானே மாட்டிக்கிறேன்னு சொன்னது நீங்க ரெண்டாவது ஆள்."

"முதல் ஆள் யாரு?"

"நான்தான்."

இருவரும் சிரித்தோம். நான் எழுதிப் போயிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்து நினைவகத்தை மாற்றச் சொன்னார். மின்சாரப் பெட்டி இன்னும் நல்லதாக இருக்கட்டும் என்றார். திடீரென்று, "என்ன மேடம், கொசுவுக்கு எழுதின மாதிரி இருக்கு?" என்றார். என் எழுத்தைச் சொல்கிறார். தாளின் மேல்பகுதியில் எழுத்து சாதாரணமாகத்தான் இருந்தது. கீழே போகப் போகக் கடுகாகிவிட்டிருந்தது.

"காகிதத்தை மிச்சம் பிடிக்கறேன்" என்றேன்.

பாகங்கள் வந்துசேர இரண்டு வாரமாகும். ஒரு சின்னப் பாட்டில் ஸ்பிரிட்டை இலவசமாகத் தந்தார். "துடைக்கறதுக்கு. பட்ஸ் வெச்சுத் துடைக்காதீங்க, நூல் நிக்கும். கண்ணாடி துடைக்கிற துணி இருக்குல்ல, அது போதும். அப்புறம் மொதல் தடவை ஆன் பண்ணும்போது ஸ்கிரீன் வர்றதுக்கு லேட்டாகும். பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க."

எவ்வளவு நேரமாகும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, தீய்ந்தது. பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவே இல்லை. வாசலிலிருந்து இவர்தான் ஓடிவந்து அணைத்தார். சளி பிடித்திருக்கும்.

செப்டம்பர் 20, சனி

இவர் ஒரு வண்ணத்தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கட்டி வந்த கணினி. அதன் அருகில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"மூணு வருசம் வாரண்டி. ரிப்பேருன்னா வீட்டுக்கே வந்து பாப்பாங்களாமா."

"உங்க மோட்டாருக்கும் நீங்கதான வீட்டுக்குப் போயிப் பாக்கறீங்க?"

"நான் போறேன். அதோட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

"எனக்கு முடியாதுன்னு நெனைக்கறீங்களா?"

தாளை நான்காக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். "விசயதசமிக்குப் பாக்கலாம். அன்னிக்குள்ள ஓடலீன்னா கடையில கட்டுனத நானே கொண்டாந்து வெச்சுருவேன். அப்புறம் ஒண்ணும் சொல்லக்கூடாது."

இந்த மனிதர் இப்படி அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் மிக்ஸியைக் கழற்றிப்போட்டு நான் உட்கார்ந்திருந்தபோது, மீதி திருகுகளைப் பொறுக்கித் தந்தவர். இப்போது ஒரு பெட்டியை மாட்ட விடமாட்டேன் என்கிறார். கோபமாக வந்தது. ரவிக்கையின் கொக்கிகளை மாட்ட இன்று வெகுநேரம் பிடித்தது. கோபத்தினால்தான்.

செப்டம்பர் 27, சனி

மகள் தாரணி பூஜை விடுமுறைக்கு நாமக்கல்லிலிருந்து வந்திருக்கிறாள். கால்நடை மருத்துவம் மூன்றாமாண்டு. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை என் பின்னாலேயே நடந்து வந்தாள்.

"ம்மா, ஏன் எடது கைய மட்டும் வீசி நடக்கற? வலது கைல பை இருக்கற மாதிரியே வெச்சிருக்கற. பை எங்கிட்ட இருக்கு."

"மாட்டைப் பாக்கற மாதிரி அம்மாவைப் பாக்காத கண்ணு."

"மாடா இருந்தா இந்நேரம் நடக்கவிட்டு நோட்டுல எழுதியிருப்பேன்" என்றாள், சிரிக்காமல்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு நானே கையை வீசி நடந்து பார்த்தேன். நினைத்தால் வீசுகிறது.

செப்டம்பர் 29, திங்கள்

வந்துவிட்டன! ஒன்பது பெட்டிகள். மதியம் முழுவதும் ஒன்றும் மாட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிராசசரைப் பிளாஸ்டிக் உறையோடு உள்ளங்கையில் வைத்தேன். தேங்காய் பர்பித் துண்டின் அளவு. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் வெள்ளி நிறத் தகடு, அதன்மேல் பெயரும் எண்களும். மறுபக்கம் தங்கம்.

எம்.எஸ்சி. ஆய்வகம் நினைவுக்கு வந்தது. ஒரு டிரான்சிஸ்டர், மூன்று கால்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தால் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து வளைகோடு வரையவேண்டும். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினால் ஐந்து மணியாகும். ஒன்றே ஒன்றுக்கு. இப்போது என் கையில் இருப்பதற்குள் அதைப்போல் பல நூறு கோடி இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து நொடிக்கு ஐந்நூறு கோடி முறை துடிக்கும். ஒரு மதியத்துக்கு ஒன்று என்று நான் அளக்கத் தொடங்கியிருந்தால்... கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும்.

உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட இப்போதெல்லாம் எனக்கு அப்படி ஆவதில்லை.

நாளை மாட்டலாம் என்றிருந்தேன். "நாளான்னிக்கு ஆயுத பூசை. சாமிக்கு வெச்சுட்டுத்தான் தொடோணும்" என்று இவர் சொல்லிவிட்டார். சரி. விஜயதசமி நல்ல நாள்தான்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நேற்று எழுதவில்லை. நாட்குறிப்பும் புத்தகம்தானே என்று தாரணி எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டாள். வைத்ததை மறுபூஜைக்கு முன் தொடக்கூடாது. ஆகவே நேற்றையதையும் இன்றைக்கே எழுதுகிறேன்.

நேற்று காலை ஒன்பது பெட்டிகளையும் பலகையின்மேல் அடுக்கி வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்க அடுக்களைக்குப் போனேன். பட்டறையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு இவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அங்கே லேத்து, டிரில்லு, சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கை. அதே வேகத்தில் இங்கேயும் தொடங்கியிருக்கிறார்.

நான் சுண்டலோடு வந்தபோது எல்லாப் பெட்டிகளும் திறந்திருந்தன.

"மூடியே வெச்சிருந்தா சாமி எப்படிப் பாக்கும்?" என்றார்.

மின்விசிறிக்குப் பொட்டு. மின்சாரப் பெட்டிக்குப் பொட்டு. போர்டுக்குப் பொட்டு. நல்லவேளை, ஊசிக்குழியின்மேல் கம்பெனிக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள், பொட்டு அதன்மேல் இருந்தது. பிறகு பிராசசரைப் பார்த்தேன். உறையைப் பிரித்து வெற்றிலையின்மேல் வைத்திருந்தார். தங்கப் பக்கம் மேலே. அதன் நடுவில், குழைத்த ஈரச் சந்தனத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

சுண்டல் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. தாரணி என் முகத்தைப் பார்த்தாள். இவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். வைத்தாகிவிட்டது. இனி நாளைவரை தொடக்கூடாது. சொன்னால் இவர் துடித்துப்போவார், தொடவும் முடியாது. நான் கைகூப்பி நின்றேன். சரஸ்வதியை வேண்டவில்லை. சந்தனம் ஈரம் காயட்டும், உள்ளே இறங்காமல் காயட்டும் என்று ஆவியாதலை வேண்டினேன்.

பகல் முழுவதும் அறையைத் தாண்டும்போதெல்லாம் பார்த்தேன். மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இன்று காலை மறுபூஜை முடிந்ததும் அதைப் பூவைப்போல எடுத்து ஜன்னலோர மேஜைக்குக் கொண்டுபோனேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் ஏரி வற்றிய தரைபோல வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு நடுவில் தங்கத் தீவுகள். குங்குமத் துகள்கள் ஒவ்வொன்றும் செங்கல்லாகத் தெரிந்தன.

கண்ணாடி துடைக்கும் துணியின் முனையை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொடங்கினேன். தேய்க்கக்கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். ஒரு வரிசை. துணியை மாற்று. அடுத்த வரிசை. வெயில் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. லென்ஸுக்கு அடியில் ஒவ்வொரு புள்ளியும் மஞ்சள் கரைந்து பளீரென்று திறந்தது. ஊர் முழுக்க ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்குவதைக் குன்றின்மேல் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. கடைசிச் செந்துகள் துணியோடு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த நேரம் முழுவதும் நான் என் கையைக் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இவர் கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மஞ்சள் படிந்த துணித்துண்டுகளைப் பார்த்தார்.

"நான் பண்ணுன வேலையா?"

"ஆமாங்க."

"எழுத்திருக்கற பக்கம் முதுகுன்னு நெனச்சேன் கோதை. தங்கமா இருக்கறதுதான மொகமா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று. தாரணி ஓடிவந்து என்னவென்று கேட்டு, "அப்பா, நல்லவேளை மாட்டுக்குப் பொட்டு வெக்கறப்ப மொகம் எதுன்னு கேக்காம வெச்சுருவீங்க" என்றாள். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் ஊசிக்குழியின் மூடியைத் திறந்தேன்.

பிராசசரை ஓரங்களில் பிடித்துத் தூக்கினேன். கை மேஜை விளிம்பில் இருந்தபோது கட்டைவிரல் மெல்லத் தட்டிக்கொண்டுதான் இருந்தது. தூக்கி, குழியை நோக்கிக் கொண்டுபோகத் தொடங்கியதும் அது நின்றது. யாரோ வந்து, போதும் என்று சொல்லி அமர்த்தியதுபோல் நின்றது. ஆயிரத்து எழுநூறு ஊசிகளின்மேல் ஆயிரத்து எழுநூறு புள்ளிகள். நேராக இறக்கினேன். சத்தமே இல்லை. இலை தண்ணீரில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

பிறகு பூட்டும் கம்பியை அழுத்தினேன். நறநறவென்று ஒரு சத்தம் வந்தது. "ஐயோ, ஒடஞ்சுருச்சா?" என்றார் இவர். அது அப்படித்தான் கத்தும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மற்றவை எளிது. நினைவகம், விசிறி, வயர்கள். திருகு முடுக்க மட்டும் இவர் உதவினார். என்னைவிட நன்றாக முடுக்குகிறார், அதை ஒப்புக்கொள்கிறேன். மதியம் மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பு.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். லேட்டாகும் என்று ஷமீமா சொன்னதை இவர்களிடம் சொன்னேன். மூன்று. ஒரு துகள் குங்குமம் எங்கோ மிஞ்சிவிட்டது என்று நினைத்தேன். கை மடியில் கிடந்தது. நடுங்கத் தொடங்கியது, இதுவரை இல்லாத வேகத்தில். மறைக்கப் பை இல்லை.

இவர் தன் கையை அதன்மேல் வைத்தார். கிரீஸ் போகாத நகங்கள்.

"ஆடியிலிருந்து பாக்கறேன்" என்றார்.

"ஏன் சொல்லலீங்க?"

"நீ சொல்லுவீன்னு இருந்தேன்."

திரை கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ இந்தச் சின்னச் சாமானக் கையில புடிச்சு, ஆகாமப் போயி, மொகம் வாடி உக்காந்தீன்னா என்னால பாக்க முடியாது. அதுக்குத்தான் கட்டுனதையே வாங்குன்னு சண்ட போட்டேன். வாரண்டியாவது, மண்ணாவது."

ஒரு மாதமாக இவர்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ப்பா! ம்மா!" என்றாள் தாரணி.

திரையில் வெள்ளை எழுத்துகள். பிராசசரின் பெயர், அதன் வேகம், அதன் வெப்பம் முப்பத்து நான்கு டிகிரி. அது தன்னைத்தானே தடவிப் பார்த்து, எனக்கு இன்னின்ன உறுப்புகள் இருக்கின்றன என்று முதல் முறையாகச் சொன்னது. காலையில் வெற்றிலைமேல் சந்தனத்தோடு கிடந்தது இது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. உட்கார்ந்துகொண்டு பார்க்கக்கூடியதாக அது இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கை ஜெயித்துவிட்டது. பந்தயப்படி டாக்டர் தேவையில்லை. இவரிடம் பந்தயத்தைச் சொன்னேன்.

"அது நீயும் கையும் கட்டுனது. நான் அதுல சேரலையே" என்றார். புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

போகட்டும். முடியைவிட மெல்லிய ஊசிகளின்மேல் நடுங்காத கை. அதை அந்த டாக்டரிடமும் சொல்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடக்கச் சொன்னார். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து முகரச் சொன்னார். ஒன்றும் இல்லை என்றேன். இவர் தலையைத் திருப்பிக்கொண்டார். உள்ளே இருந்தது காபித்தூள்.

நான் பிராசசர் கதையைச் சொன்னேன். சந்தனம், ஸ்பிரிட், இரண்டே கால் மணி நேரம், கடைசியில் இறக்கியது, எல்லாவற்றையும். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"கை சும்மா இருக்கறப்ப நடுங்குது. வேலைன்னு நீட்டுனதும் நின்னுடுது. அப்படித்தானே மேடம்?"

"ஆமாங்க டாக்டர்! நின்னுடுது."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எனக்கு விளங்கிவிட்டது. நான் வைத்த தேர்வு தவறான தேர்வு. தேறியதுதான் நோயின் அடையாளம்.

பழைய கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையில் இந்த நாட்குறிப்பு இருந்தது. தயங்கிக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. ஓர் அளவுகோலை எடுத்து அளந்தார். ஜனவரிப் பக்கத்தில் என் 'க' நான்கு மில்லிமீட்டர் உயரம். ஜூனில் மூன்று. செப்டம்பர் 7-ஆம் தேதிப் பக்கத்தின் முதல் வரியில் இரண்டரை, கடைசி வரியில் ஒன்றரை. நான் எதையெல்லாமோ எழுதாமல் விட்ட இந்தப் புத்தகத்தில் என் கை எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறது.

பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றார். முழுவதும் மாறாது. மாத்திரைகள் இருக்கின்றன, உடற்பயிற்சி இருக்கிறது. இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்யலாம், செய்யத்தான் வேண்டும் என்றார். இரட்டைக்கோடு நோட்டு வாங்கி, இரண்டு கோட்டையும் தொடும்படிப் பெரிதாக எழுதிப் பழகச் சொன்னார்.

மூளையின் அடியில், ஒரு மிளகைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், ஒரு சில லட்சம் செல்கள் ஏதோ ஒன்றைச் சுரந்துகொண்டிருக்கின்றனவாம். கை அசையாமல் இருக்க அதுதான் காரணமாம். எனக்கு அது குறைந்துவிட்டது. வரும் வழியெல்லாம் குறைந்ததைப் பற்றி நினைக்க முயன்றேன். நினைப்பு வேறெங்கோ போனது. நாற்பத்தாறு வருடம், யாரும் சொல்லித்தராமல், மடியில் வைத்தால் மடியில் இருந்ததே இந்தக் கை. அதை ஒரு நாளாவது நான் ஆச்சரியமாகப் பார்த்திருப்பேனா?

சிக்னலில் வண்டி நின்றபோது இவர், "நம்மளையெல்லாம் கட்டித்தான் அனுப்பியிருக்கான். பில்லும் தரல, வாரண்டியும் தரல" என்றார். நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வலது கையால்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரட்டைக்கோடு நோட்டில் எழுதுகிறேன். இரண்டு கோட்டையும் தொடுகிறேன். ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பியதுபோல் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

புதுக் கணினியில் ஒளிக்கதிர் லென்ஸுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து குவிந்துவிட்டது. முப்பத்தோரு படங்கள் ஆயிற்று. மவுஸின்மேல் கை சும்மா இருக்கும்போது திரையில் அம்பு நடுங்குகிறது. கோடு இழுக்கத் தொடங்கினால் நின்றுவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு யோசனை வந்தது.

இவரிடம் பட்டறையிலிருந்து பில் அடிக்கும் காகிதச் சுருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"சோதனை. நான் பேனாவ இதுமேல சும்மா வெச்சுக்குவேன். நீங்க தாளை ஒரே சீரா இழுக்கோணும். கடிகாரத்தப் பாத்து, பத்து நொடி."

"மோட்டார் டெஸ்ட் பண்ற மாதிரியா?"

"ஆமாங்க, மோட்டார் டெஸ்ட்."

மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கையைத் தளர விட்டேன். முதல் முறையாக அதை அடக்காமல், மறைக்காமல் அதன் போக்கில் விட்டேன். கட்டைவிரல் தொடங்கியது. இவர் தாளை இழுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, மோட்டார் சுருளைப் பிடிக்கும் அதே கவனத்தோடு இழுத்தார். பேனாவின் அடியிலிருந்து அலை பிறந்து வந்தது. மேலும் கீழுமாக, ஒன்றைப்போல் ஒன்று. பாடப்புத்தகத்துக்கு நான் எத்தனையோ முறை வரைந்த அதே அலை. இவ்வளவு ஒழுங்கானதை என் கை தானாக வரைந்ததில்லை.

பத்து நொடிக்கு ஐம்பத்திரண்டு முகடுகள். இருவரும் தனித்தனியாக எண்ணினோம். இவருக்கு ஐம்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணி ஒப்புக்கொண்டார்.

நொடிக்கு ஐந்து. ஜன்னலோரத்தில் இருக்கும் பெட்டிக்குள் நொடிக்கு ஐந்நூறு கோடி. அதை நான் மாட்டினேன். இதை மாட்டியது யார்?

"போதுமா?" என்றார் இவர்.

"இழுத்துக்கிட்டே இருங்க. பேரை எழுதறேன்."

அந்தத் தாளை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அலை ஒரு சாண் நீளத்துக்கு ஓடுகிறது. பிறகு ஒரு விரல்கடை தூரம் வெறும் நேர்கோடு, அடிகோல் வைத்து இழுத்ததுபோல். கை தனக்கு வேலை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்ட இடம் அது. அதற்குப் பிறகு பெரிய எழுத்தில் பூங்கோதை.